ஒரே பேனாவில் போட்ட ஏழு டிக்

காயம்பட்ட கல்லூரி வீரர்கள் மறுவாழ்வுப் பயிற்சியைப் பாதியில் விடுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் வருகிறது. எனக்கு ஒப்பவில்லை. கல்லூரி அணிகளோடு பல வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவன் நான்.

கிளினிக்கில் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். அறைக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். முழங்காலில் கிழிந்த ஏசிஎல் என்ற மூட்டு நாருக்குப் பதில் வேறு நார் வைக்கும் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண் வாரக் குறிப்பேட்டை நீட்டினாள். ஏழு நாள் டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கொடுத்தனுப்பிய எலாஸ்டிக் பேண்டின் மடிப்புகூடக் கலையவில்லை. திட்டவில்லை, என்னம்மா ஆச்சு என்று மட்டும் கேட்டேன். "தனியா செய்யும்போது டீம்லயே இல்லாத மாதிரி இருக்கு சார்" என்று அழுதுவிட்டாள். அப்புறம் அணி வார்ம்-அப் செய்யும் நேரத்திலேயே மைதான ஓரத்தில் அவளுக்கும் ஒரு பாய் விரித்தோம். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இன்னொரு வகையினரைக் கட்டுரை தொடவே இல்லை. வலி போச்சு, வீக்கம் இல்லை, மூன்றாம் மாதமே ஆடுகிறேன் என்பவர்கள். வலி நின்றாலும் உள்ளே வைத்த நார் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். அறுவை சிகிச்சை முடிந்து 9 மாதம் ஆகும் முன்பே போட்டிக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். பயிற்சியாளர்கள் "எப்போ வர்றே?" என்று தினமும் கேட்பதை நிறுத்தினாலே இந்த அவசரம் பாதி குறையும்.