மழை கான் பாத்தா பெய்யுது?

மாமா லயத்துக்குப் பின்னால போட்டிருந்த உருளைக்கிழங்கு பூரா போன கிழமை செத்துப்போச்சு. இல பச்சையாவே இருக்கு, செடி மட்டும் தொங்கிருது. கேட்டா "மழைடா, வேற என்னா"ங்கிறாரு. அப்ப நடுவுல தண்ணி ஓடுற கானுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா போட்டது மட்டும் எப்படி மாமா ஜம்முன்னு நிக்குது?

விளக்கம்னா என்னாங்கிறதுக்கே தத்துவக்காரங்க பெரிய சண்ட போட்டிருக்காங்க. 1948ல ஹெம்பலும் ஒப்பன்ஹைமும் சொன்னது, பொது விதியையும் அன்னைக்கிருந்த நிலைமையையும் வச்சு நடந்தத கணக்கு மாதிரி வரவச்சுட்டா அதான் விளக்கம்னு. ஆனா கொடிக்கம்பத்து உயரத்த வச்சு நிழல கணக்குப் போடுற மாதிரி நிழல வச்சு கம்பத்தையும் போடலாமே, அதுக்காக நிழல் நீளமா இருக்கதால கம்பம் ஒசரமா இருக்குன்னு எவனாவது சொல்வானா?

எனக்குப் புடிச்ச தத்துவக்காரரு பீட்டர் லிப்டன். சும்மா "ஏன்"னு கேக்காத, "இங்க ஏன், அங்க ஏன் இல்ல"ன்னு கேளுங்கிறாரு. அவர் எடுக்கிற உதாரணம் 1840கள்ல வியன்னாவுல செம்மல்வைஸ்ங்கிற டாக்டர் கண்டது. ஒரே ஆஸ்பத்திரில ரெண்டு பிரசவ வார்டு, ஒண்ணுல மட்டும் தாய்மாருங்க காய்ச்சல்ல ரொம்ப அதிகமா சாகுறாங்க. ஊர்க்காத்து சரியில்லன்னா ரெண்டுலயும் ஒரே மாதிரில சாகணும்? கடைசில பாத்தா அந்த வார்டுக்கு மட்டும் மாணவங்க பொணத்த அறுத்த கையோட வந்திருக்காங்க.

நம்ம இலங்கை மலையிலயே இதே கத இருக்குங்க. 1869ல மடுல்சீமப் பக்கம் கோப்பி இலைக்கு அடியில ஆரஞ்சுத் தூள் மாதிரி வந்துச்சு, பூஞ்சைன்னு அந்த வருஷமே பேரும் வச்சுட்டாங்க, ஆனாலும் தொரமாருங்க பல பேரு வருஷக்கணக்கா மழ, மண்ணுன்னே பேசிக்கிட்டிருந்தாங்க. அதே மழையில தானே அதுக்கு முன்னாடி கோப்பி காச்சு கொட்டிச்சு! 1880ல வந்த தாவரவியல்காரர் மார்ஷல் வார்ட் கண்ணாடித் துண்ட காத்துல வச்சு, அதுல வந்து ஒட்டுன பூஞ்சையோட வித்துத் தூள பாத்து, மைல் கணக்கா கோப்பி மட்டுமே நட்டு வச்சா காத்து ஏந்திக்கிட்டுப் போகும்னு சொன்னாரு. விளக்கம் சரி, ஆனா கோப்பி பொழைக்கல, நம்மாளுங்க கொழுந்துக் கூடைக்கு மாறிட்டாங்க.

வான் ஃபிராசன்னு இன்னொரு தத்துவக்காரர் குறுக்க வந்து, கையில இருக்க விளக்கம் எல்லாமே சொத்தையா இருந்தா அதுல நல்லதப் பொறுக்கி என்னா புண்ணியம்னு கேப்பாரு. நியாயமான கேள்விதான், எனக்கு இன்னும் முழுசா பதில் இல்ல. ஆனா ரெண்டு பாத்தியையும் பக்கத்துல வச்சுப் பாத்தா புது விளக்கம் தேடி எங்க போகணும்னாவது தெரியுதுல்ல?

அப்புறம் மாமாகிட்ட வித எங்க வாங்குனீங்கன்னு கேட்டேன். போன போகத்துல மிஞ்சுனதாம். பெரியப்பா புதுசா வாங்கிப் போட்டிருக்காரு. மாமா தோட்டத்துத் தண்ட ஒண்ண வெட்டி க்ளாஸ் தண்ணியில தொங்கவிட்டேன், கொஞ்ச நேரத்துல பால் நூல் மாதிரி வெள்ளையா எறங்குச்சு, செடிய வாட்டுற பாக்டீரியா தண்டுக்குள்ள இருக்கதுக்கு அதான் அடையாளம். பெரியப்பா தண்டுல ஒண்ணுமே இல்ல. மாமா அந்த க்ளாஸையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் "இது டீ குடிக்கிற க்ளாஸ்டா"ன்னாரு.