பாதி விதியைச் சொல்லி முழுத் தண்டனை வாங்கிக் கொடுக்கிறவர்கள்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் அந்த நிறுவனத்தார் மறுபடியும் அதே தாளை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் துபாய்க்குக் குழுவாகப் போகவிருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, முன்பணம் கட்டிய கையோடு கொடுத்தார்கள் என்று நேற்று மாலை கொண்டுவந்து காட்டினார். வழவழப்பான தாளில் புர்ஜ் கலீஃபா படம். அதற்குக் கீழே துபாயில் மறக்காமல் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல். பட்டியலின் முதல் வரியில், கொட்டை எழுத்தில், 'தங்கம்: பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை வரி இல்லை.' அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எங்கள் பெரியம்மாவின் பணத்தைப் பிடுங்கிய வாசகம் இதுதான். ஒரு எழுத்துக்கூட மாறாமல் இன்னொரு குடும்பத்தின் கைக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த 40 கிராமும் 20 கிராமும் யாருக்கு உரிய சலுகை? வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு உரியது. பெரியம்மா போய்வந்தபோது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகளில் இது எங்கோ மூலையில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கிராம் கணக்கைச் சொல்லும் அதே வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது. அதே வாக்கியத்தில் மதிப்பு வரம்பும் இருந்தது: ஆண் கொண்டுவருவது 50,000 ரூபாய்க்குள்ளும், பெண் கொண்டுவருவது 1,00,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது இந்தத் தாளை எழுதியவர் ஒரு வாக்கியத்தைப் படித்து, அதன் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு, வியாபாரத்துக்கு உதவும் நடுத்துண்டை மட்டும் எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு நாள் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கிறவருக்கு, தன் குழுவில் ஒருவர்கூட ஓராண்டு அங்கே குடியிருக்கப் போவதில்லை என்பது தெரியாதா?

பெரியம்மா மேலூர்ப் பக்கத்தில் சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் முதன்முறையாக, இதே நிறுவனத்தின் துபாய்ச் சுற்றுலாவில், வெளிநாடு போனார். புறப்படுவதற்கு முந்தைய வாரம் மதுரையில் ஒரு மண்டபத்தில் பயணிகளையெல்லாம் கூட்டி வைத்து, கேசரியும் காபியும் கொடுத்து, அந்த வரியை ஒலிபெருக்கியில் வாசித்தே காட்டியிருக்கிறார்கள். அங்கே போனதும், துபாயின் தேரா பகுதியில் உள்ள தங்கக் கடைவீதியில் வழிகாட்டி தானே கூட்டிக்கொண்டு போய் ஒரு கடையில் உட்கார வைத்திருக்கிறார். 'பேத்தி காதுகுத்துக்கு வாங்கிக்கங்கம்மா, 40 கிராமுக்கு ஒண்ணும் கேட்க மாட்டாங்க' என்று அவர் சொன்னதைப் பெரியம்மா எத்தனையோ முறை என்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறார். 3 பவுனில், அதாவது 24 கிராமில், ஒரு சங்கிலி வாங்கினார். 40 கிராமை நெருங்கவே இல்லை என்பதால் அவர் மனத்தில் துளி அச்சமும் இருக்கவில்லை. ரசீதைக்கூடப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். திருட்டுத்தனமாகக் கொண்டுவர நினைக்கிறவர் ரசீதை ஏன் பத்திரப்படுத்தப் போகிறார்?

திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் இரண்டு வழிகள் இருக்கும். வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர் சிவப்பு வழியில் போய்த் தாமாகவே சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லாதவர் பச்சை வழியில் நேரே வெளியேறலாம். பச்சை வழியில் கால் வைப்பதே 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். இதை யாராவது பெரியம்மாவுக்குச் சொன்னார்களா? வழிகாட்டி சொன்னது ஒன்றுதான்: 'எல்லாரும் என் பின்னாடியே வாங்க, கூட்டம் இல்லாத பக்கமாப் போயிரலாம்.' அத்தனை பேரையும் ஆட்டு மந்தையைப் போல் பச்சை வழியில் ஓட்டிக்கொண்டு போனார். பெரியம்மாவின் கைப்பையை எக்ஸ்ரே எந்திரத்தில் போடச் சொன்னார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த இளஞ்சிவப்புக் காகிதப் பொட்டலத்தை அவரே அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். அப்போதும் அவருக்குப் பயமில்லை, கணக்கு சரியாக இருக்கிறதே என்ற தைரியம். அதிகாரி சின்னத் தராசில் சங்கிலியை வைத்து எடையைப் பார்த்துவிட்டு, 'எத்தனை நாள் அங்கே இருந்தீங்க?' என்று கேட்டார். 'ஆறு நாள் சார்.' அவ்வளவுதான், முடிந்தது. அந்த ஒரு கேள்வி அந்தத் தாளில் இருந்திருந்தால் பெரியம்மா அந்தக் கடைப் படியையே ஏறியிருக்க மாட்டார்.

நகைகளும் சேர்ந்த அப்போதைய பொதுச் சலுகையான 50,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மிச்ச மதிப்புக்கு 38.5 விழுக்காடு தீர்வை போட்டார்கள். 35 விழுக்காடு சுங்கம், அந்தச் சுங்கத்தின் மேல் 10 விழுக்காடு கூடுதல் வரி, சேர்த்து 38.5. பெரியம்மாவின் சங்கிலிக்கு 65,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பச்சை வழியில் வந்ததற்காகச் சங்கிலியையே பறிமுதல் செய்து, தண்டம் கட்டி மீட்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, ஒரு நாற்காலிகூட இல்லாமல், முழங்கால் வலியோடு நின்றுகொண்டு, நடுங்கும் குரலில் எனக்குத் தொலைபேசியில் பேசினார். நான் பணத்தை அனுப்பி, அவர் கட்டி, ரசீது வாங்கி வெளியே வருவதற்குள் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்ற வழிகாட்டி என்ன செய்தார் தெரியுமா? 'சீக்கிரம் வாங்கம்மா, மத்தவங்க வேன்ல காத்துக்கிட்டு இருக்காங்க' என்றார். ஒரு வருத்தம் இல்லை. ஒரு விளக்கம் இல்லை. மதுரை வந்து சேரும்வரை பெரியம்மா அழுதுகொண்டே வந்தார்.

இந்தச் சங்கிலியைத் துபாயில் வாங்கியதில் அவருக்கு என்னதான் மிச்சமாகியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2024 ஜூலையில் மத்திய அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்திருந்தது. இங்கே நகைக்கு 3 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக, அவர் போய்வந்தபோது எப்படிக் கூட்டினாலும் அங்கே மிச்சமாவது பத்து விழுக்காட்டை எட்டியிருக்காது. அங்கேயும் செய்கூலி உண்டு, அங்கேயும் 5 விழுக்காடு வாட் வரி உண்டு, அதைத் திரும்பப் பெற விமான நிலையத்தில் தனியாக அலைய வேண்டும். இவ்வளவு சின்ன லாபத்துக்கு 38.5 விழுக்காட்டுச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும்படி ஒரு மூத்த பெண்மணியைத் தூண்டியிருக்கிறார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில், முப்பது ஆண்டுகளாக முகம் தெரிந்த கடைக்காரரிடம், மாதத் தவணைச் சீட்டுப் போட்டு வாங்கியிருந்தால் பேத்தியின் கழுத்தில் இதைவிடக் கனமான சங்கிலி தொங்கியிருக்கும்.

ஊருக்கு வந்த பிறகு அறிவுரை சொல்ல வந்த உறவினர்களின் கூட்டம் இருக்கிறதே, அது இன்னொரு கொடுமை. 'கழுத்துல போட்டுக்கிட்டு வந்திருந்தா விட்டிருப்பாங்களே' என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். இதுவும் அதே பாதி விதிதான். அணிந்திருந்த தாலிக்கொடியையே கழற்ற வைத்துப் பறிமுதல் செய்த கதை நடந்திருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்படி நேர்ந்து, வழக்குப் போட்டு, 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்ட பிறகுதான் நியாயம் கிடைத்தது. பெரியம்மாவும் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் ஏற வேண்டும் என்கிறார்களா? அதோடு, இங்கிருந்து போட்டுக்கொண்டு போகும் சொந்த நகைக்கே, புறப்படும்போது சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அது கையில் இருந்தால் திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்ற கேள்விக்கே இடம் இராது. இதைச் சொல்ல அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேரம் இல்லை.

அந்தத் தாளின் மற்ற வரிகளும் இதே லட்சணத்தில்தான் இருக்கின்றன. 'குடும்பமாகச் சென்றால் அனைவரின் சலுகையையும் சேர்த்துப் பெரிய பொருளாக வாங்கலாம்' என்று ஒரு வரி. ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு சேர்க்கக் கூடாது என்று விதி பச்சையாகச் சொல்கிறது. 'டிவி வாங்கலாம்' என்று ஒரு வரி. தட்டைத் திரை டிவிக்கு இருந்த சலுகையை 2013 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை விமானங்கள் பறந்துவிட்டன, இவர்கள் தாளை இன்னும் மாற்றவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைத்தது கொண்டுபோகும் பொருள்கள் பற்றிய பகுதி. 'சமையல் பொருள்கள், மசாலா வகைகள், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் தாராளமாக எடுத்துச் செல்லலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். போதைப் பொருளோடு சேர்த்துக் கணக்கில் வைத்திருக்கிறார்கள், பையில் கண்டால் சிறைவரை போகும். சிங்கப்பூருக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் போன்ற வலி மாத்திரையும் முன் அனுமதி இல்லாமல் அமீரகத்துக்குள் நுழையக் கூடாதவை. அங்கே வேலை பார்க்கும் மகனுக்கு ஆசையாக மசாலா திரித்துக் கொண்டுபோகும் ஒரு தாய், கசகசாவுக்காகக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருந்தால் 'தாராளமாக' என்று எழுதியவர் வந்து ஜாமீன் கொடுப்பாரா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டுபோக முடியாது, பயணிகள் பால் பொருள்களைக் கொண்டுவருவதற்கு அங்கே தடை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவில் இறங்கியதும் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், எலுமிச்சை இனச் செடிகளைத் தாக்கும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்ற அச்சம் காரணம். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் அட்டையில் எழுதிக் காட்டிவிட்டால் அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்; எழுதாமல் மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம். இதிலெல்லாம் என்ன ரகசியம் இருக்கிறது? நாலு வரியில் அச்சடிக்கக் கூடியவைதானே?

நம் ஊருக்கு வரும் வெளிநாட்டவருக்கும் இதையேதான் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒரு பித்தளை விளக்கையோ மரச் சிற்பத்தையோ விற்கும்போது, 'இருநூறு வருஷத்துப் பழசு' என்று பொய் சொல்லி விலையை ஏற்றும் ஆட்களை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போன மாதம் வார்த்த விளக்கை நம்பி வாங்கிய அந்த மனிதர், விமான நிலையத்தில் அதே பொய்யைப் பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொள்வார். அது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வரும்படி திருப்பி அனுப்புவார்கள். மயிலிறகு விசிறியை அவர்கள் கையில் திணிக்கிறவர்களும் அதை ஏற்றுமதி செய்யத் தடை இருப்பதைச் சொல்வதே இல்லை. விமானம் ஏறப்போகிறவரின் கோபம் நம்மை வந்து சேராது என்ற துணிச்சல்தான் இதற்கெல்லாம் காரணம்.

பக்கத்து வீட்டு அக்காவின் தாளில் தங்கம் என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் 'ஓராண்டுக்கு மேல் அங்கே வசித்தவர்களுக்கு மட்டும்' என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே தாளோடு அந்த அலுவலகத்துக்கு இன்று காலை நேரில் போனேன். 'எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுங்களா, விருப்பம் இருக்கிறவங்க விசாரிச்சுக்கணும்' என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். வாங்கச் சொல்வதற்கு மட்டும் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட முடிகிறது. இந்தத் தாளை மாற்றாத வரைக்கும் அடுத்த கூட்டத்தில் நானே போய் எழுந்து நின்று அந்த விதியை முழுதாக வாசிக்கப் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கொட்டித் தீர்த்துவிடுகிறேன். பெரியம்மா 65,000 ரூபாயைக் கட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்த அன்று இரவு முதலில் தொலைபேசியில் அழைத்தவர் ஒரு நெருங்கிய உறவினர். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் சொல்லி அனுப்பிய வாசனைத் திரவியக் குப்பிகள் உடையாமல் வந்தனவா என்று கேட்டார். மறுநாளே வந்து வாங்கிக்கொண்டும் போனார். அவற்றுக்கான பணத்தை இன்றுவரை கொடுக்கவில்லை.