பிள்ளைகிட்ட சொல்லாதீங்கன்னு மேடையில சொன்ன அண்ணனுக்கு

ஞாயித்துக்கிழமை நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும். பேர் போட்டு எழுத எனக்கு இஷ்டமில்ல. ஆனா மைக்கைப் பிடிச்சு "தத்துப்பிள்ளைன்னு பிள்ளைக்கு எதுக்குச் சொல்லணும், சொன்னா பாசம் விட்டுப் போயிடும்"னு அந்த அண்ணன் சொன்னதும் ஹாலே கைதட்டுச்சே, அப்போ என் மக என் பக்கத்துல உக்காந்து கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. 9 வயசு. கரண்டியக் கீழ வெச்சிட்டு "அம்மா, நீங்க எனக்குச் சொன்னது தப்பா?"ன்னு கேட்டா. மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல.

சொல்லணும். சின்ன வயசுலேயே, நாமளே சொல்லணும். நாம சொல்லலன்னா ஊர் சொல்லும்.

எங்க பாட்டி சீனக் குழந்தை. அந்தக் காலத்துல பொண்ணா பொறந்துச்சுன்னு சீனக் குடும்பங்க கொடுத்த பிள்ளைங்கள நம்ம ஆளுங்களும் மலாய்க்காரங்களும் எடுத்து வளத்தது இங்க சிங்கப்பூர்ல பல வீட்டுல உள்ள கதைதான். தேக்கா மார்க்கெட்ல மீன்காரர் பாட்டியைப் பாத்துச் சீனத்துல பேசுவாரு, பாட்டி மலாய்ல விலை கேட்டுட்டு என்கிட்ட "வஞ்சிரம் நல்லா இல்லடி"ன்னு தமிழ்ல சொல்லும். முகத்துலயே தெரியுது, ஆனா வீட்டுல ஒருத்தர்கூட வாயைத் தொறக்கல. பரிசம் போட வந்த அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தங்க "எவ்வளவு கொடுத்து வாங்குனீங்க"ன்னு கூடத்துல வெச்சுக் கேட்டப்போதான் பாட்டிக்கே விஷயம் உறுதியாச்சு. அப்போ 17 வயசு. "ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் சொல்லல"ன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

இது பழைய கதைன்னு சிலர் சொல்வீங்க. சரி, இப்போ சட்டம் மாறியிருக்கு, 2022ல நிறைவேறின புது தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபர் 15லிருந்து நடப்புல இருக்கு. தத்தெடுக்கிறதுக்கு முன்னாடி பிரீஃபிங் இருக்கு, நம்மளால பிள்ளை வளக்க முடியுமான்னு மதிப்பீடு பண்றாங்க. அதை நான் குறையே சொல்லல. 2025 ஜூலையில இந்தோனேசியாவோட மேற்கு ஜாவா போலீஸ் பிடிச்ச கும்பல் கைக்குழந்தைங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்குன்னு போலீஸே சொன்னாங்க, அதைப் படிச்சிட்டு அன்னிக்கு நான் சாப்பிடல. கெடுபிடி வேணும், இன்னும்கூட வேணும்.

ஆனா பிள்ளை கேள்வி கேக்குறது எல்லாம் முடிஞ்சப்புறம்தானே. 5 வயசுல என் மக "நான் உங்க வயித்துல இருந்தேனா"ன்னு கேட்டா, அதுக்குப் பதில் சொல்லிட்டேன். போன வருஷம் ராத்திரி லைட்டை அணைச்சப்புறம் "அவங்க ஏன் என்னை வெச்சுக்கல"ன்னு கேட்டா, நான் பேசாம அவ முதுகைத் தடவிக்கிட்டே இருந்தேன். மறுநாள் ஒரு இடத்துக்கு போன் பண்ணுனேன், எங்க தத்தெடுப்பு ஃபைல் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. என் பிள்ளை முடியலயே! ஆதரவுக் குழு ஒண்ணுக்கும் போனேன், நல்லவங்கதான், எல்லாம் இங்கிலீஷ். எங்க மாமியாருக்குத் தமிழ்ல உக்காந்து பேச ஒரு ஆள் வேணும்னு கேட்டேன், இன்னும் கிடைக்கல. தத்தெடுப்புக்கு கோர்ட் ஆர்டர் கைக்கு வந்தப்புறம் பிள்ளைக்கு 7 வயசுல, 9 வயசுல, 13 வயசுல யாராவது கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா என்ன? வேலைக்குப் போற அம்மாவுக்கு 12 வாரம் லீவு கொடுக்குறாங்க, நல்லது, ஆனா அந்த 12 வாரத்துல பிள்ளை பால் குடிச்சிட்டுத் தூங்குது, கேள்வி கேக்கல.

"எங்க பெரியப்பா சொல்லாமத்தான் வளத்தாரு, பையன் நல்லாத்தானே இருக்கான்"னு கமெண்ட்ல ஒருத்தர். அவனுக்கு நிஜமாவே தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க பாட்டியும் எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பிள்ளை உண்மையான அம்மாவைத் தேடிப் போயிடும்னு இன்னொருத்தர். உண்மையான அம்மான்னா யாருங்க? காய்ச்சல்ல அவ வாந்தியைக் கையில ஏந்துனது நான். தேடணும்னு தோணுனா தேடட்டும், நானே கூடப் போவேன்.

நான் அழுதுக்கிட்டே எழுதுறேன், அதனால கோர்வையா வரல. அண்ணே, கைதட்டுனவங்க மேல எனக்குக் கோவமில்ல. என் நம்பர் உங்ககிட்ட இருக்கு. கூப்பிட்டு என் மககிட்ட பேசுங்க. அவ கேட்ட கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.