லெஸ்லி கரோனுக்குப் பாட வராதா?

நேற்று முழுக்கச் சுற்றிய அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். பாலே ஆடி சினிமாவுக்கு வந்த பிரெஞ்சு நடிகை லெஸ்லி கரோன் நடித்த ‘ஜிஜி’ என்ற ஹாலிவுட் பாட்டுப் படத்தின் துண்டு ஒன்றைப் போட்டு, “லெஸ்லி கரோனுக்குப் பாடவே வராது, எல்லாம் இரவல் குரல்” என்று ஒரு வரி. அதற்குக் கீழே அத்தனை சிரிப்பு. எனக்கு மனசே ஆறவில்லை.

இரவல் குரல்தான், மறுக்கவில்லை. 1958-இல் வந்த அந்தப் படத்தில் அவருக்காகப் பாடியவர் பெட்டி வாண்ட். டைட்டிலில் வாண்ட் பெயரும் கிடையாது. ஆனால் படத்தை எடுத்த எம்.ஜி.எம். ஸ்டுடியோ ஒரு குரலை வேண்டாம் என்றது வேறு, பாடவே வராது என்பது வேறு. 1953-இல் இதே எம்.ஜி.எம். எடுத்த ‘லிலி’யில், மெல் ஃபெரரோடு சேர்ந்து “ஹை லிலி, ஹை லோ”வைச் சொந்தக் குரலில் பாடியவர் கரோன். சின்னக் குரல், பெரிதாக மேலே ஏறாது. ஆனால் பொம்மைகளோடு பேசுகிற அந்த அநாதைப் பெண்ணின் குரல் அப்படியே பாட்டுக்குள் போகும். எங்கே பேச்சு முடிந்தது, எங்கே பாட்டு தொடங்கியது என்று தெரியாது. அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு முதல் ஆஸ்கர் நாமினேஷன்.

‘ஜிஜி’யில் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஷாம்பேன் பாட்டு ஆரம்பிக்கும் இடத்தைக் கேளுங்கள். வசனம் வரை பிரெஞ்சு வாடை அடிக்கும் மென்மையான குரல். பாட்டு எடுத்ததும் பளீரென்று பயிற்சி பெற்ற ஒரு பாடகியின் குரல். வாண்டைக் குறை சொல்லவில்லை. இன்னொருவர் வாயசைவுக்கும் மூச்சு எடுக்கும் இடத்துக்கும் கச்சிதமாகப் பாடிவிடலாம், குரலின் நிறத்தை என்ன செய்வது? கரோன் பாடிய பதிவுகளும் பிற்பாடு சிடியில் வந்தன. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

“நம்ம சினிமாவில் எல்லாருக்கும் பின்னணிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்பீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் பாடியவர் மார்னி நிக்சன். ஹெப்பர்னைப் பார்த்து இன்று யாரும் இப்படிச் சிரிக்கவில்லையே? கரோன் என்றால் மட்டும் ஏன் இளக்காரம்?

“முகத்துக்காக எடுத்தார்கள்” என்று அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர். ஐயா, பிரெஞ்சு நடன அமைப்பாளர் ரோலண்ட் பெத்தியின் பாலே குழுவில் கரோன் ஆடுவதைப் பாரிஸில் பார்த்துவிட்டுத்தான் ஹாலிவுட் நடன நடிகர் ஜீன் கெல்லி தன் படத்துக்குத் தேர்ந்தெடுத்தார். போர்க்காலத்தில் அரைவயிற்றோடு வளர்ந்த உடம்பு, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை செய்ய முடிந்தது. அந்த உடம்போடு, இருபது வயதுகூட நிரம்பாமல், ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தின் 17 நிமிட பாலேயில் கெல்லிக்கு ஈடுகொடுத்தார்.

‘ஜிஜி’ போட்டியிட்ட 9 ஆஸ்கரையும் வாங்கியது. படத்தைத் தோளில் சுமந்த கரோனுக்கு நாமினேஷன்கூட இல்லை. அப்புறம் 1962-இல் பிரிட்டனில் ‘தி எல்-ஷேப்டு ரூம்’. அதில் அவர் ஆடவில்லை. லண்டன் வாடகை அறையில் தங்கும், கல்யாணமாகாத கர்ப்பிணிப் பெண். பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார், கோல்டன் குளோப் வாங்கினார், இரண்டாவது ஆஸ்கர் நாமினேஷனும் வந்தது. அதில் கேட்பது அவர் சொந்தக் குரல். அதையும் ‘லிலி’யையும் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.