தனியாகக் கராத்தே செய்பவனிடம் ‘மனசு வைத்தால் முடியும்’ என்று சொல்லாதீர்கள்

இன்னொரு தடவை யாராவது “மனசு வைத்தால் முடியும், தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்” என்று ஆரம்பித்தால் எனக்கு நிஜமாகவே தலைக்கேறிவிடும். மனசு வைத்தேன். பத்து இல்லை, நாற்பது நிமிடம் ஒதுக்கினேன். வகுப்புக்குப் போக முடியாமல் போனதிலிருந்து ஆறு மாதம், காய்ச்சலில் கிடந்த சில நாட்களைத் தவிர, விடாமல் வீட்டிலேயே செய்தேன். அப்படிச் செய்தவனுக்கு ஏழாவது மாதம் பெல்ட்டைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனமா?

ஹெயான் ஷோடான் என்று ஒரு கட்டா, அதாவது எதிரில் ஆளில்லாமல் வரிசை மாறாமல் செய்கிற அசைவுத் தொகுப்பு. ஷோட்டோகான் என்கிற கராத்தே பாணியில் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுப்பது, 21 அசைவுகள், முழுசாகச் செய்தாலும் ஒரு நிமிடம் ஆகாது. நடுவில் மூன்று முறை முன்னே காலெடுத்து வைத்து, மூன்றாவது மேல் பிளாக்கில் (முகத்துக்கு வரும் அடியைக் கையால் தடுப்பது) கத்த வேண்டும். என் அறையில் இரண்டாவது காலிலேயே சுவர் வந்துவிடுகிறது. நின்று, பின்னால் நகர்ந்து, மறுபடி பிடித்து... ஓட்டம் அங்கேயே செத்துவிடும். ராத்திரி நேரத்தில் கத்தவும் முடியாது. கியாய் என்கிற அந்தக் கத்தல் வெறும் சத்தம் இல்லைங்க, அடிவயிறு இறுகி மொத்த உடம்பும் ஒரு கணத்தில் பூட்டிக்கொள்வது, அதைத் தினமும் தொண்டையிலேயே விழுங்கிப் பாருங்கள், தெரியும்.

சரி, இடம் இல்லாததைக்கூடச் சமாளிக்கலாம். டெக்கி ஷோடான் என்கிற இன்னொரு கட்டா ஒரே கோட்டில் பக்கவாட்டில்தான் போய்வரும், குறுகலான அறைக்கும் அடங்கும். என்னை உடைத்தது வேறு.

போன மாதம் போனைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பஞ்சிலும் பின்னங்காலின் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. இடுப்புக்கு இழுத்து ஒட்டவேண்டிய கை, உடம்பை விட்டு விலகித் தொங்குகிறது. கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தபோதெல்லாம் இது எதுவுமே தெரியவில்லை. வகுப்பில் இருந்திருந்தால் மாஸ்டர் பின்னால் வந்து அந்தக் குதிகாலைத் தன் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிருப்பார், இரண்டு நொடி வேலை. அந்த இரண்டு நொடி கிடைக்காததால் ஆறு மாதமும் தப்பையே மெருகேற்றியிருக்கிறேன், அதுவும் வியர்வை சொட்டச் சொட்ட. வயிறு எரிகிறது!

இதில் “21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்” என்று வேறு ஒரு கதை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர 66 நாள் என்றுதான் கணக்கு வந்தது, அதுவும் ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, கொஞ்ச நேரம் ஓடுவது போன்றவை. தண்ணீரைத் தப்பாகக் குடிக்க முடியாது. பஞ்சைத் தப்பாகக் குத்தலாம், வருடக்கணக்கில் குத்தலாம், காற்று ஒன்றும் சொல்லாது. எதிரில் ஆள் இருந்தால் அவன் ஒரு அடி பின்வாங்கினாலே என் தூரம் தப்பு என்று புரிந்துவிடும்.

“கட்டாவே தனியாகச் செய்வதுதானே?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ரியோ கியூனா போட்டி விரிப்பில் தனியாகத்தான் நின்றார். ஆனால் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதில் சுகுவோ சகுமோட்டோ என்கிற ஆசிரியரின் கண் இருக்கிறது. அந்தக் கண்தான் எனக்கு இல்லை, அதைப் போய் ஊக்கம் இல்லை என்கிறீர்களே!

அந்த வீடியோவை, கூடப் படித்த ஐந்து பேருக்கு அனுப்பினேன். நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், ஒருவன் “செம” என்றுகூடப் போட்டான். அப்புறம் ஐந்தாவது ஆளிடமிருந்து ஒரே வரி: “ரெண்டாவது பஞ்சில் குதிகால் ரொம்பத் தூக்குது, மறுபடி எடுத்து அனுப்புடா.”

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து அந்த இரண்டாவது பஞ்சை மட்டும் எண்பது தடவை குத்தினேன்.