சோலார் போடும் முன் கீசரை அளக்கச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கூரைக்குக் கூரை சோலார் ஏறுகிறது. மின்வெட்டில் பட்ட பாடு அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் எங்கே போகிறது என்று அளக்காமலே ஒரு லட்சம் ராண்டுக்குமேல் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் விவரம் தெரிந்த ஒருவரை வைத்து வீட்டைச் சோதித்துவிடுங்கள். அவர் சோலாரோ இன்வெர்ட்டரோ விற்காதவராக இருக்கட்டும். விற்பவரின் இலவசச் சோதனை பெரிய இன்வெர்ட்டரில்தான் போய் நிற்கும்.

நல்ல சோதனையாளர் டி.பி. போர்டை (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துவிடும் பெட்டி) திறந்து, கீசர் லைனில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பதிவு செய்யும் கருவியை மாட்டி, ஒரு வாரமாவது விட்டுவைப்பார். சனி, ஞாயிறில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது கணக்கே வேறு. நம் வீடுகளில் கரண்டை அதிகம் தின்பது கீசர்தான். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட் ஆகும். ஒருவருமே குளிக்காத நாளிலும், பழைய கீசர் சூடு ஆறாமல் வைத்திருக்க மட்டும் 2.5 யூனிட் வரை இழுக்கும்.

அப்படிப்பட்ட நாளில் 5, 6 யூனிட் காட்டினால் வெந்நீர் எங்கோ ஒழுகுகிறது. முதலில் கீசரிலிருந்து வந்து வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பாருங்கள். தண்ணீர் சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்கச் சொட்டினால் பாதுகாப்பு வால்வு கெட்டிருக்கும், இல்லை அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு கெட்டு, தெருக்குழாய் அழுத்தம் அப்படியே உள்ளே ஏறும். கீழே வாளி வைத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டே வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். தயவுசெய்து அந்தக் குழாயை மட்டும் அடைக்காதீர்கள். கீசரே வெடிக்கும்.

தெர்மோஸ்டாட் 70இல் இருந்தால் 60க்கு இறக்கலாம். மூடியைக் கழற்றும் முன் டி.பி.யில் கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். 60க்குக் கீழே வேண்டாம், தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுக்கும். கீசருக்குப் போர்வை, அதிலிருந்து கிளம்பும் குழாய்களுக்கு உறை, இரண்டும் செலவு குறைந்த வேலை.

அடுத்தது சீலிங், அதன்மேல் வெப்பத்தைத் தடுக்கப் பரப்பிய பஞ்சு. மேலே ஏறிப் பார்க்காதவரின் சோதனை பாதிச் சோதனைதான். அகச்சிவப்புக் கேமராவை டர்பனில் வெயில் ஏறிய மதியத்தில் பிடிக்க வேண்டும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் குளிர்காலத்து விடியற்காலையில். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பம் நன்றாக வித்தியாசப்பட்டால்தான் ஓட்டை தெரியும். பழைய ஹாலோஜன் டவுன்லைட் தீப்பிடிக்க வைத்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் பஞ்சை வெட்டியிருப்பார்கள், சூடு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. 50 வாட் ஹாலோஜனுக்குப் பதில் 5 வாட் எல்.இ.டி. போதும். பழைய கவுன்சில் வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் துளை போடவோ அறுக்கவோ விடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

இவ்வளவும் முடிந்த பிறகு இன்வெர்ட்டர் கணக்குக்கு வாருங்கள். 3 கிலோவாட் கீசரும் 2 கிலோவாட் கெட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் அங்கேயே தீர்ந்தது. கீசரைத் தனி லைனில் டைமரோடு பிரித்துவிட்டால் அதைவிடச் சிறியதே பல வீடுகளுக்குப் போதும்.

எந்த வேலைக்கு எத்தனை ராண்டு, நாளைக்கு எத்தனை யூனிட் மிச்சம், எதை முதலில் செய்வது என்று எழுத்தில் கேளுங்கள். அளந்த எண்கள் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.