பெரியவர்களுக்கு ஓய்வு கொடுத்தே சர்க்கரையை ஏற்றுகிறோம்

அறுபது தாண்டிய அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சுகர் ஏறிவிட்டது என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் சோற்றைக் குறைப்போம். அப்புறம் மாத்திரையின் அளவு கூடும். கூடவே, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நீ சும்மா உட்காரு" என்று கையில் இருக்கிற வேலையையும் பிடுங்கிக்கொள்வோம். இந்த மூன்றாவதுதான் பெரிய கெடுதல். பாசத்தில் செய்வதால் யாருக்கும் உறைப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சுகர் என்றாலே இன்சுலின் சுரக்கும் கணையத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். தொடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ரத்தக் குழாய் வழியாக இன்சுலினையும் குளுக்கோஸையும் ஏற்றி அளந்து பார்த்த ஆய்வுகளில், ரத்தத்தை விட்டு வெளியேறும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வாங்கிக்கொள்வது நம் கை கால் தசைகள்தான். அந்தத் தசைதான் வயதாக ஆகத் தேய்கிறது. முப்பதுகளிலேயே மெல்லத் தொடங்கி அறுபதுக்குமேல் வேகமெடுக்கிறது. மிச்சமிருக்கும் தசையும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை; இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். 2003இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, குண்டாக இல்லாத, ஆரோக்கியமான முதியவர்களை அதே உடல்வாகு கொண்ட இளைஞர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முதியவர்களின் தசைக்குள் கொழுப்பு சேர்ந்திருந்தது. செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. எனவே "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்று எந்தப் பெரியவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, அதுவும் நம் ஊர் உடம்புக்கு, கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடம்புக்கு, அந்த நிம்மதி கொஞ்சமும் பொருந்தாது.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு, அதை மருத்துவமனை வரிசையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குளுக்கோஸை செல்லுக்குள் இழுத்துவிடும் குளூட்-4 என்ற புரதம் தசை செல்லின் உள்ளேயே காத்துக் கிடக்கிறது. இன்சுலின் கூப்பிட்டால் அது மேல்பரப்புக்கு வரும். ஆனால் இன்சுலின் கூப்பிடாவிட்டாலும், தசை சுருங்கி வேலை செய்தாலே தனி வழியில் அது மேலே வந்துவிடும். முன்வாசல் பூட்டிக் கிடந்தாலும் கொல்லைப்புறக் கதவு திறக்கிற மாதிரி. இன்சுலின் எதிர்ப்பு முற்றிய உடம்பிலும் இந்த வழி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அது மட்டுமல்ல, ஒருமுறை நன்றாக வேலை வாங்கினால் அடுத்த ஒன்றிரண்டு நாளைக்கு அந்தத் தசை இன்சுலினுக்கும் கூடுதலாகக் காது கொடுக்கிறது. பிறகு பழையபடி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்தால் ஏன் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஓய்வுக்கு வருகிறேன். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினமும் கிட்டத்தட்ட 6000 காலடி நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான முதியவர்களை 1500 காலடிக்கும் கீழே குறைக்கச் சொன்னார்கள். படுக்கையில் போடவில்லை, சாதாரணமாக வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் கால் தசை சுமார் 4 சதவீதம் குறைந்தது, இன்சுலினுக்குக் கட்டுப்படும் தன்மை 43 சதவீதம் சரிந்தது. 2018இல், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த முதியவர்களிடம் இதேபோல இரண்டு வாரம் செய்து பார்த்தார்கள். பழைய நடமாட்டத்துக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆன பிறகும் அவர்களுடைய சர்க்கரைக் கட்டுப்பாடு முழுதாக மீளவில்லை. இளம் வயதில் காய்ச்சலில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். எழுபதில் அப்படி இல்லை.

எங்கள் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சில வாரங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், நியாயமான எச்சரிக்கை. வீட்டில் அதை மாதக்கணக்கில் நீட்டிவிட்டார்கள். காபி உட்பட எல்லாம் நாற்காலிக்கே வந்தது. சுகர் ஏறியது, மாத்திரை கூடியது. அவர் எழுந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை: பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து, முன்னும் பின்னும் இரண்டு ஆட்டம் ஆடி, மூன்றாவதில் எழுந்து, உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். முழங்கால் வலிக்காக வந்த பிசியோதெரபி தம்பிதான் அதைப் பார்த்தார். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொன்னார். பழகப் பழக ஒரு தலையணை போயிற்று, பிறகு அடுத்ததும் போயிற்று. அப்புறம் கையில் தண்ணீர் பாட்டில். "இந்த வயசுல என்னையத் தோப்புக்கரணம் போடச் சொல்லுதானே அந்தப் பையன்" என்று புலம்பிக்கொண்டே செய்தார். சில மாதம் கழித்து மாத்திரையைக் குறைத்தது டாக்டரே.

"வாக்கிங் போங்க" என்பதோடு டாக்டர்கள் நிறுத்திவிடுவதில்தான் எனக்குக் கோபம். நடை நல்லது, வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். 2013இல் இன்னொரு சின்ன ஆய்வில், அறுபது தாண்டியவர்கள் மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தபோது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாக அடங்கியது; காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடந்ததை விட இது மேல். ஆக, ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் போய்ச் சாயாமல் தெருவில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தாலே பலன் உண்டு. ஆனால் தேய்ந்துபோன தசையைத் திரும்பக் கட்டுவதற்கு நடை போதாது, கனம் வேண்டும். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! 2002இல், சர்க்கரை நோய் இருந்த முதியவர்களுக்கு 16 வாரம் இதே மாதிரிப் பயிற்சி கொடுத்ததில் அவர்களின் மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8.7இலிருந்து 7.6க்கு இறங்கியது, பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையும் குறைந்தது.

மாத்திரையை நீங்களாக நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வயது கூடக் கூட உழைப்பின் பங்கு பெரிதாகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. மொத்தத்தில் உணவு, உடற்பயிற்சி மாற்றம் நோய் வருவதை 58 சதவீதமும் மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை 31 சதவீதமும் குறைத்தன. அறுபது தாண்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் முதலாவது 71 சதவீதத்துக்கு ஏறிவிட்டது, மாத்திரையின் பலனோ மிகவும் சுருங்கிவிட்டது.

சில எச்சரிக்கைகள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ, அன்று ராத்திரியோ சர்க்கரை தாழ்ந்துபோகலாம், பக்கத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். பாதம் மரத்துப்போனவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. கண்ணில் சர்க்கரையால் பாதிப்பு இருந்தாலோ நெஞ்சு வலி வந்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் கனம் தூக்க வேண்டாம். எழும்போது மூச்சை அடக்காதீர்கள். கூடவே தட்டில் புரதம் தரும் பருப்பு, சுண்டல், முட்டை, தயிரின் அளவு கூட வேண்டும், நாலு இட்லியும் சட்னியும் தசை வளர்க்காது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபிஸ்ட்டும் அதில் உண்டு. 2023இல் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையும் அமைத்தார்கள். இரண்டுமே அருமையான வேலை. மாத்திரை கொண்டுவரும் அந்தத் தன்னார்வலர் அக்காவுக்கு இன்னொரு வேலையும் கற்றுக்கொடுங்கள்: பெரியவரை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, ஆன நேரத்தைச் சுகர் அளவுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். எழ முடியாதவர்களின் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் முதலில் போகட்டும். இதற்குப் புதிய கருவி வேண்டாம், எல்லா வீட்டிலும் நாற்காலி இருக்கிறது.